கை காட்டும் வேலை

ஹோட்டல் மெனுவை எட்டப் பிடித்துப் படிக்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். பிள்ளைகளிடம் சொன்னால் பாதியிலேயே போனை எடுத்துக்கொள்வார்கள்.

காரில் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம், இன்டிகேட்டர் போட்ட பிறகும், என் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு ஜன்னல் பக்கம் போகிறது. கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கை போய்க் கண்ணாடியில் முட்டி நிற்கும். "யாருக்கும்மா டாட்டா காட்டுறே?" என்று மகன் ஒருநாள் கேட்டான். பழக்கம்டா என்று மழுப்பிவிட்டேன். உண்மையில் அது பழக்கமில்லை. எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த வேலை.

அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். திருநெல்வேலியிலிருந்து ஐதராபாத்துக்கு வந்த முதல் வருடம். அப்பாவுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஆபீஸ் செகந்திராபாத்தில் என்று சொன்னதால் சைனிக்புரியில் மாடி வீடு பிடித்தார். சாமான்களை இறக்கி, அம்மா பால் காய்ச்சி, திரைச்சீலை மாட்டி முடித்ததும் ஆபீஸ் கச்சிபௌலிக்குப் போய்விட்டது. நகரத்தின் இந்த ஓரத்தில் நாங்கள், அந்த ஓரத்தில் அவர் நாற்காலி. தினமும் காலையில் கம்பெனி கேப் வந்து அவரை அள்ளிக்கொண்டு போகும்.

சைனிக்புரி அந்தக் காலத்தில் தூக்கத்திலிருந்து பாதி எழுந்த ஊர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கட்டிய வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் வெட்டிவிட்ட செடிவேலி, நடுநடுவே யாராலும் நகர்த்த முடியாமல் அப்படியே விட்டுவைத்த பெரிய பாறைகள். வீட்டுக்குப் பாறை இடம் கொடுத்ததா, பாறைக்கு வீடு இடம் கொடுத்ததா என்று தெரியாது. கார்த்திகை, மார்கழியில் விடிந்து வெகுநேரம் வரை பனி கலையாது. தெருமுனையில் நிற்கிற ஆள் முதலில் சால்வையாகத் தெரிவார், பக்கத்தில் போன பிறகுதான் முகம் வரும். இன்றைக்கும் எனக்குக் கனவு வந்தால் அந்தப் பனிக்குள்தான் வருகிறது.

கீழ்வீட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி. அவர்கள் குடும்பம் செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பைபிள் தமிழில் படிப்பார், சண்டை உருதுவில் போடுவார், பால்காரரிடம் தெலுங்கு. மூன்றும் சேர்ந்த ஒரு தமிழில் எங்களிடம் பேசுவார். நாங்கள் வந்த முதல் வாரம் என்னைப் படிக்கட்டில் பார்த்து, "ஏன்மா தனியா உக்காந்திருக்கே, கைக்கு?" என்றார். ஏதோ கையில் தரப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். கடைசியில் உள்ளே போய் ஒரு பிஸ்கட் எடுத்து வந்து கொடுத்தார். 'கைக்கு' என்றால் அவர்கள் பாஷையில் 'எதற்கு' என்று அர்த்தமாம். எனக்கென்ன, பிஸ்கட் கிடைத்தது. ஒரு சொல் இரண்டு பேர் காதில் இரண்டாக விழுந்தால் நல்லதுதான் நடக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு நாச்சாரத்தில் வேலை கிடைத்தது. இருமல் மிட்டாய் தயாரிக்கிற ஒரு சின்ன ஃபேக்டரியின் லேப். மதியம் வரைதான் வேலை. வேதியியல் படித்துவிட்டு அத்தனை வருடம் சாம்பாருக்கு உப்பு மட்டும் சோதித்துக்கொண்டிருந்தவள் அவள். வேலைக்குப் போகத் தொடங்கியதும் நடையே மாறிவிட்டது. அவள் சேலையை வைத்தே ஃபேக்டரியில் அன்றைக்கு என்ன ஓடியது என்று சொல்லிவிடுவேன். சில நாள் ஆரஞ்சு, சில நாள் இஞ்சி, சில நாள் மூக்கைக் குளிர வைக்கிற புதினா. மதியத் தூக்கத்தில் அவள் மடியில் முகம் வைத்தால் எந்தப் பழமரத்தடியில் படுத்திருக்கிறோம் என்று குழம்பும்.

போக்குவரத்துக்கு அவளிடம் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் இருந்தது. கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்தது, ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுவந்தது. அதன் மணி கிணிங் என்று அடிக்காது. தொண்டை கட்டியவர் கூப்பிடுவது போல் ஒரு கர்கர். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "கேப்ல வாரவன் எல்லாம் பாக்கான், உங்க வீட்டம்மா சைக்கிள்லயா போறாவன்னு" என்பார். "பாக்கட்டும். கண்ணு இருக்குல்லா" என்பாள் அம்மா. வீட்டுக்கார ஆன்ட்டியும் அப்பா பக்கம்தான். "சைக்கிள் நக்கோ மா, வேணாம், இந்த லாரிங்க நடுவுல. ஆட்டோல போ." அம்மா சிரித்துக்கொண்டே சீட்டைத் துணியால் துடைப்பாள்.

பள்ளிக்கூடம் அவள் போகிற வழியில் இருந்தது. நான் பின்னால் கேரியரில். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேர்ந்து, கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் வரும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் பள்ளிக்கூடச் சாலை. அந்தத் திருப்பம்தான் எங்கள் இருவருக்கும் பெரிய பாடு. பின்னால் பஸ், லாரி, கம்பெனி வண்டிகள். என்னையும் டிபன் கேரியரையும் சுமந்துகொண்டு ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தால் சைக்கிள் ஆடும். அதனால் கை காட்டுகிற வேலை எனக்கு வந்தது.

"நான் சொன்னதும் நீட்டணும். நான் திரும்பி முடிக்கித வரைக்கும் மடக்கக் கூடாது, என்னட்டி?"

சரி என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலைக்கும் சரி சொன்னதில்லை. நான் கையை நீட்டினால் பஸ்ஸே நின்றது. இவ்வளவு பெரிய வண்டிகள் என் கைக்குக் கட்டுப்படுகிற ஊரில் வாழ்கிறோம் என்று பெருமை. வீட்டில் என் பேச்சுக்கு நாய்க்குட்டிகூடக் கட்டுப்படாது. நாய்க்குட்டி இல்லை என்பது வேறு விஷயம்.

பனி கூடியதும் ரோட்டோரத்தில் நேபாளத்துக்காரர்கள் கம்பளிக்கடை விரித்தார்கள். அம்மா எனக்கு ஒரு ஜோடி சிவப்புக் கையுறை வாங்கினாள். புறங்கையில் வெள்ளை நூலில் ஒரு பூ. "பனியில கை தெரியணும்லா" என்றாள். வலது கைக்கு மட்டும்தான் வேலை என்பதால் வலதை மட்டும் போட்டுக்கொள்வேன். இடது பீரோவில் புதுசாகவே கிடந்தது.

திரும்பி வருகிற மதியங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. சீதாப்பழக் காலம் அது. ரோட்டோரம் கூடைகூடையாக வைத்திருப்பார்கள். அம்மா நான்கைந்து வாங்கி முன்கூடையில் போட்டுக்கொள்வாள். வழியில் ஒரு தட்டைப் பாறை. சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு ஏறி உட்காருவோம். பாறை வெயிலை வாங்கி வைத்திருக்கும், தொடையில் சுடும். பழத்தைப் பிட்டால் அம்மாவின் புதினா வாசனையும் பழ வாசனையும் சேர்ந்துகொள்ளும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு கொட்டையைத் தூரத் துப்புவாள். யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. வீட்டில் ஒருநாளும் அவள் அப்படிக் காலாட்டி நான் பார்த்ததில்லை. அந்தச் சைக்கிள் அவளுக்கு என்னவாக இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்தக் காலைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

இப்போது அப்பாவின் கேப்புக்கு வருகிறேன். வெள்ளை சுமோ. டிரைவருக்கு இருபத்தைந்து, முப்பதுக்குள் இருக்கும், தெலுங்குக்காரர். நான் அவரை டிரைவர் அண்ணா என்பேன். வண்டிக்குள் சின்னப் பிள்ளையார், அதற்குத் தினமும் ஒரு முழம் பூ. மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுவார். எனக்குக் காலை வணக்கம் அதுதான்.

அப்பாவுக்குத் தெலுங்கு வராது. வந்த புதிதில் ஒருநாள் ஆபீஸ் கேட்டில் அடையாள அட்டையை மறந்துவிட்டு நின்றிருக்கிறார். ஒரு காவலாளி தடுக்க, மற்றவர் "போனீ" என்றாராம். உடனே உள்ளே விட்டுவிட்டார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "போனீன்னா போக விடுன்னு அர்த்தம். பாத்தியா, நம்ம தமிழ்தான். கொஞ்சம் வளைச்சாப் போதும்." அன்றிலிருந்து அவர் தெலுங்கு முழுவதும் அந்த ஒரு சொல்தான். கடையில் வரிசையில் முந்திக்கொண்டு போனவரைப் பார்த்துப் போனீ. கேப்பில் ஏறி உட்கார்ந்ததும், ஆபீஸில் லாகின் நேரம் நெருங்குகிறது என்றால், என்னைச் சீக்கிரம் போக விடு என்கிற அர்த்தத்தில் டிரைவரைப் பார்த்துப் போனீ, போனீ. வண்டியும் சீறிக்கொண்டு கிளம்பும். அது தான் சொன்னதைக் கேட்டுத்தான் கிளம்புகிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அந்த நாள் கேப் தாமதமாக வந்தது. எப்போதும் எங்களுக்கு வெகு முன்னால் போய்விடுகிற வண்டி, அன்று நாங்கள் கிளம்பிய பிறகுதான் அப்பாவை ஏற்றிக்கொண்டிருக்கிறது. பனி நல்ல அடர்த்தி. ரோட்டில் லைட் போட்டுக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு மிதித்தாள். தூங்குமூஞ்சி மரம் மெல்ல உருவம் பிடித்து வந்தது.

"கைய நீட்டு."

நீட்டினேன். சிவப்புக் கையுறை. பின்னால் ஒரு வண்டி வேகம் குறைவது கேட்டது. ஹாரன் லேசாக ஒரு தட்டு. டிரைவர் அண்ணாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சிரித்தேன். அடுத்தது அப்பாவின் குரல், திறந்த ஜன்னல் வழியாகத் தெளிவாக.

"போனீ, போனீ."

அம்மா வலப்பக்கம் ஒடித்தாள். அடங்கியிருந்த இன்ஜின் சட்டென்று உறுமியது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சத்தமே இல்லாமல்தான் நினைவிருக்கிறது. சைக்கிள் எங்களை விட்டுத் தனியே போனது. புது அபார்ட்மென்ட் கட்டுவதற்காக ரோட்டின் அந்தப் பக்கம் கொட்டியிருந்த மணலில் நான் கிடந்தேன். மணல் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. முன்கூடையில் முந்தின நாள் மிச்சமிருந்த சீதாப்பழம் ரோட்டில் நசுங்கி வெள்ளையாகக் கிடந்தது. அம்மா உட்கார்ந்தபடி தன் இடது மணிக்கட்டை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கினார். டிரைவர் அண்ணாவைப் பார்த்து, "போனீன்னு சொன்னம்லா, போனீன்னு கத்துனேம்லா" என்று தமிழிலேயே கத்தினார். டிரைவர் அண்ணா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "சார், மீரே..." என்று தொடங்கினார். 'நீங்கதானே' என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லவிடவில்லை.

அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. எனக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. கையுறை காணாமல் போய்விட்டது. மணலில் விழுந்ததா, யாராவது எடுத்துப் போனார்களா தெரியாது. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்த மணல் குவியலைத் தேடுவேன். குவியல் குறைந்துகொண்டே வந்து கட்டடம் ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கும் அந்த அபார்ட்மென்ட்டின் ஏதோ ஒரு சுவருக்குள் என் கையுறை இருக்கிறது என்றுதான் எனக்கு எண்ணம்.

அப்பா ஆபீஸில் புகார் சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்காமல், கை நீட்டியதைப் பார்த்தும் வண்டியை ஏற்றினான் என்று. வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் அன்றே டிரைவர் அண்ணாவை நிறுத்திவிட்டார். வேறொருவர் வந்தார். அந்த வண்டியில் பிள்ளையார் இல்லை, ஹாரன் தட்டும் இல்லை.

வீட்டிலும் ஒரு தீர்ப்பு நடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார் அப்பா. சாவி அவர் சாவிக்கொத்தில்.

"கை காட்டுனா நிக்கித ஊரா இது? புள்ள செக்கச்செவேல்னு கைய நீட்டிக்கிட்டு இருக்கு. அதையும் பாத்துட்டு ஏத்துதான். இவனுவ ரோட்டுல சைக்கிளுக்கு எடமில்ல. இனி அந்தப் பேச்சே வேண்டாம்."

நியாயம் அவர் பக்கம் இருப்பதாகத்தான் எல்லாருக்கும் பட்டது. வீட்டுக்கார ஆன்ட்டி மாவுக்கட்டில் சிலுவை வரைந்து, "ஹவ் மா, ஆமா, அவர் சொல்றது கரெக்ட்" என்றார். எனக்குக்கூட அப்படித்தான் பட்டது. என் கைக்குக் கட்டுப்படாத வண்டியும் உண்டு என்று தெரிந்த பிறகு கை வெறும் கையாகிவிட்டது.

அம்மா மாவுக்கட்டோடு லேபுக்குப் போனாள், செவன் சீட்டர் ஆட்டோவில். ஏழு பேருக்கான வண்டியில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆள் ஏறுவார்கள். என்னை இறக்கிவிட்டு, இன்னொரு வண்டி மாறி, அவள் போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிடும். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அப்படியேதான். லேபில் நல்லவிதமாகவே சொல்லிவிட்டார்கள். புது வருஷத்திலிருந்து நேரத்துக்கு வர முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அம்மா அதை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "விட்ரு, உடம்புதான் முக்கியம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மாவின் சேலையில் ஆரஞ்சு வாசனை வருவது நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

பூட்டிய சைக்கிளின் டயரை அவள் சில மாலைகளில் அமுக்கிப் பார்ப்பாள். காற்று இறங்கியிருக்கும். பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் அது. ஆன்ட்டி மாடிக் கைப்பிடியில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார். நாங்கள் செவன் சீட்டரில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நிறுத்தத்தில், கூடையோடு ஒரு வயதான பெண் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் இன்னும் தரையில். பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கவனிக்காமல் கூரையைத் தட்டி, "போனீ, போனீ" என்றார்.

ஆட்டோ கிளம்பிவிட்டது.

"ஆகு, ஆகு" என்று அந்தப் பெண் கத்தினார். ஆட்டோ நின்றது. அவர் திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தானே டிரைவரிடம், "போனீ" என்றார். ஆட்டோ மறுபடி கிளம்பியது.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, அப்பா சொல்லுத வார்த்தைல்லா இது?"

"ஆமாம்மா."

"அன்னைக்கும் அதத்தான சொன்னாவ?"

நான் தலையாட்டினேன். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது என் வலது கையைப் பிடித்து ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

மாலையில் அப்பா வந்து காபி குடிக்கிறவரை பொறுத்திருந்தாள். வீட்டுக்கார ஆன்ட்டி கேக்குக்கு முந்திரி உடைத்துத் தரச் சொல்லி மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, அன்னைக்கு டிரைவர்ட்ட என்ன சொன்னிய?"

"எத்தன தடவ கேப்ப? போனீன்னு சொன்னேன். உங்க ரெண்டு பேரையும் போக விடுன்னு."

முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கை நின்றது. "டிரைவர்கிட்ட போனீன்னு சொன்னீங்களா? அரே, அது வண்டிய எடுன்னு ஆச்சே."

"போக விடுன்னுதான் அர்த்தம். கேட்ல அப்பிடித்தான் சொன்னாவ."

"கேட்ல ஆள நிறுத்தி வெச்சிருக்கான், அதனால ஆள விடுன்னு ஆகும். டிரைவர் கையில வண்டிதானே இருக்கு. போனீன்னா வண்டிய விடுன்னுதான் எடுத்துப்பான். அவன் என்ன கண்டான் பாவம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"கை காட்டுனா எவனும் நிக்க மாட்டான்னு சொல்லித்தான என் சைக்கிளப் பூட்டினிய. அவரு நிக்கத்தான் போனாரு. நான் கேட்டேன், வண்டி அடங்குன சத்தத்த. நீங்கதான் போகச் சொன்னிய."

உடைத்த முந்திரியைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே அவளே சொன்னாள், "நானும் திரும்பிப் பாக்கலைல்லா. புள்ள கைய நீட்டியாச்சி, இனி ரோடு நமக்குன்னு ஒடிச்சிட்டேன்."

அப்பா எழுந்து வெளியே போய் நட்சத்திரத்துக்குக் கீழே நின்றார். மறுநாள் ஆபீஸில் சூப்பர்வைசரிடம் போய், தவறு என் பேச்சில் இருக்கிறது, அந்த டிரைவரைத் திரும்ப எடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் முதலில் சிரித்தாராம். சிரிக்கட்டும் என்று, அவர் சரி சொல்லும்வரை அங்கேயே நின்றேன் என்று அப்பா சொன்னார். அவர் எதற்கும் நின்று கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு நின்றார். அந்த அப்பாவை எனக்கு இன்றும் ரொம்பப் பிடிக்கும்.

டிரைவர் அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆன்ட்டிதான் நடுவில் மொழிபெயர்ப்பு. அப்பா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் என் கையைப் பார்த்துச் சொன்னார், "எர்ரகா கனிபிஞ்சிந்தி சார், பாப செய்யி."

"சிவப்பா தெரிஞ்சுதாம், பாப்பா கை" என்றார் ஆன்ட்டி. "பிரேக்ல கால் வெச்சிட்டானாம். நீங்க போனீன்னதும், சார் வீட்டு ஆளுங்கதானே, வண்டி முன்னாடி போகட்டும்னு பேசி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சானாம். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கணும்னு சொல்றான்."

நிறுத்த வேண்டுமென்றால் 'ஆகு' என்று சொல்லுங்கள் சார் என்று டிரைவர் அண்ணா சொல்லிக் கொடுத்தார். அப்பா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஆகுன்னா நமக்கு ஆகட்டும், நடக்கட்டும்னுல்லா வருது. வேண்டாம்ப்பா. எனக்கு இனி வார்த்தையே வேண்டாம்" என்றார். ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் முந்திரித் தட்டு கவிழ்ந்தது. டிரைவர் அண்ணாவும் சிரித்தார். அவர் போன பிறகு அப்பா சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, காற்றடிக்கிற பம்பைத் தேடிக்கொண்டு கீழே போனார்.

புது வருஷம் பிறந்து பள்ளிக்கூடம் திறந்த காலை. ஆன்ட்டியின் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பனிக்குள் அது மட்டும் தனியாக மிதந்தது. வலதுகைக் கையுறை இல்லாததால் அம்மா பீரோவிலிருந்த இடதுகைக் கையுறையை எடுத்து என் வலது கையில் மாட்டினாள். மாற்றிப் போட்டதில் புறங்கையில் இருக்க வேண்டிய வெள்ளைப் பூ உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"இனி கை மட்டும் போதாது" என்றாள் அம்மா. "நீட்டிட்டுத் திரும்பிப் பாரு. வண்டி ஓட்டுதவங்க கண்ணு உன் கண்ணப் பாக்கணும். பாத்துட்டாங்கன்னு நீ சொன்னாத்தான் நான் திருப்புவேன்."

சைக்கிள் பழையபடி கர்கர் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது. அப்பா வாசலில் கேப்புக்காக நின்றிருந்தார், அன்றும் அது தாமதம். அம்மாவின் முதுகில் புதினா வாசனை இல்லை, சோப்பு வாசனைதான். அது மதியத்துக்குள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மெயின் ரோட்டில் சேர்ந்தோம். பின்னால் மஞ்சள் வட்டங்கள் இரண்டு. தூங்குமூஞ்சி மரம் வந்தது.

"நீட்டு."

பூ பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பி நீட்டினேன். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை சுமோ. அது மெல்ல மெல்ல அடங்கி, நின்றே விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளையார், பூ, டிரைவர் அண்ணாவின் இரண்டு கண்கள். அவருக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழுக்கைச் சட்டை, கடிகாரம், விரித்த உள்ளங்கை. இன்னும் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து அது நின்றது. அப்பா உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

"பாத்துட்டாங்கம்மா" என்றேன்.

"யாரு?"

"ரெண்டு பேரும்."

அம்மா திருப்பினாள்.